நாற்பத்தேழாம் எண் புட்டியில் நான் கலந்தது

பெயர் ரோசலின், வயது எழுபத்தொன்று, கணவர் காலஞ்சென்ற மோசஸ், இருப்பிடம் பொன்னேரி, பழைய சர்ச் தெரு, கதவு எண் பதினான்கு. தொழில் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்று போடச் சொன்னார்கள். முப்பது ஆண்டுகள் கணவரின் ஆய்வுக் குறிப்புகளுக்கு நகல் எழுதியவள் என்று போட்டுக்கொள்ளவும்.

21.08.2025, வியாழக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, என் வீட்டில், தலைமைக் காவலர் செண்பகம் முன்னிலையில் இதை எழுதித் தருகிறேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதே வழக்கம் என்றார். அவர் எழுதிய முதல் அரைப் பக்கத்தை வாங்கிப் படித்தேன். நான் சொல்லாத 'தெரியாமல்' என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் இருந்தது. ஆகவே நானே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லப்படும் ஒன்றைத் திருத்த வேண்டும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நந்தினி என்பவர் நடத்தும் கரி ஆய்வுக்கூடத்தில், நாற்பத்தேழாம் எண் புட்டியில் இருந்த கரித்தூளை நான் பல்பொடி என்று நினைத்துத் திறந்து, கை தவறித் துருப்பிடித்த குழாயின் தண்ணீரை ஊற்றிவிட்டேன் என்று பேசிக்கொள்கிறார்கள். இதைச் சொல்லி வருபவன் என் மகன் சாம்சன். எனக்கு ஞாபக மறதி என்று ஒரு டாக்டரிடம் சான்றிதழும் வாங்கியிருக்கிறான். அந்த டாக்டர் என்னைப் பார்த்ததில்லை. எனக்கு மறதி கிடையாது. நான் பல்பொடியை விட்டு ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் புட்டியில் இருப்பது என்ன என்று தெரிந்து, அதைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்து, அளந்து கலந்தேன். நான் செய்த இந்தக் காரியத்துக்காக அங்கே வேலை செய்யும் ஆதிகேசவன் மீது புகார் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் தினமும் காலையில் காவல் நிலையத்துக்குப் போய் மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் கணவர் 1984ஆம் ஆண்டு, கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரி செய்யும் ஆலை ஒன்றில் புட்டி கழுவும் ஆளாகச் சேர்ந்து, படிப்படியாக அதன் சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாளர் ஆனவர். கரியைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு பட்டம் பெற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவருக்குக் கையெழுத்து வராது. நான் கான்வென்டில் படித்தவள். எழுத்து கோடு தாண்டினால் விரலில் அடி விழும் பள்ளி அது. 1988 முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்து வந்ததும், அவர் அந்த வாரம் துண்டுக் காகிதங்களில் கிறுக்கி வைத்ததை நான் நோட்டில் நகல் எழுதுவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அளவுகளைச் சொல்வார். இப்படி முப்பத்தொரு நோட்டுகள் சேர்ந்தன. ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் 'கரியில் இரும்பு படக்கூடாது' என்ற வரியை எழுதச் சொல்வார்.

அதன் பிறகு 2018ஆம் ஆண்டு நந்தினி எங்கள் வீட்டுக்கு வந்தார். டாக்டர் பட்டம் வாங்கியவர். பொன்னேரிக்குக் கிழக்கே நெல் வயல் உள்ள குடும்பம். அவருடைய தாத்தா பூவராகவனின் நிலத்தில்தான் என் மாமனார் கூலிக்கு ஏர் ஓட்டினார். இது வழக்குக்கு வேண்டாம் என்று தலைமைக் காவலர் சொல்கிறார். வேண்டும். அந்த வீட்டுப் பெண் என் கணவரை 'அய்யா' என்று கூப்பிட்டு, அவர் உட்காரச் சொல்லும் வரை நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து என் கணவர் நந்தினி கேட்ட எதற்கும் இல்லை என்று சொல்லி நான் பார்க்கவில்லை.

அவர்கள் சேர்ந்து செய்தது என்ன என்பதை வழக்குக்குத் தேவையான அளவு சொல்கிறேன். புண் கழுவவும், துணி வெளுக்கவும், சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யவும் ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். இப்போது அதைத் தொலைவில் உள்ள பெரிய ஆலைகளில் கடுமையான செறிவில் செய்து டேங்கர் லாரியில் கொண்டுவருகிறார்கள். இவர்கள் அதைத் தேவைப்படும் இடத்திலேயே காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் கொஞ்சம் மின்சாரத்தில் செய்ய முயன்றார்கள். நடுவில் ஒரு கரித்தகடு இருக்கும். காற்றில் உள்ள ஆக்சிஜன் கரியின் நுண்ணிய துளைகளுக்குள் போய்ப் பெராக்சைடாக வெளியே வர வேண்டும். துளை சரியாக அமையாவிட்டாலும், கரியில் இரும்பு இருந்தாலும், பெராக்சைடு கிடைக்காது. வெறும் தண்ணீர்தான் மிஞ்சும்.

நந்தினி வந்த பிறகு புதிய குறிப்புகளை எல்லாம் அவரே கணினியில் ஏற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை என் மேஜைக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனாலும் அவர் அச்செடுத்துக் கொடுக்கும் தாள்களைப் பார்த்து, யாரும் கேட்காமலேயே, நான் மேலும் ஐந்து நோட்டுகள் எழுதினேன். அந்தத் தாள்களில் ஒன்றில் என் கணவர் சொன்னதாக நந்தினி இப்படிப் பதிவு செய்திருந்தார்: "இத பாரு நந்தினிம்மா, கிறிஸ்மஸ் ஆராதன முடிஞ்சதும் சனம் வெளிய போவணும். வாசல் சின்னதா இருந்தா உள்ளயே நின்னுக்கினு ஒண்ணோட ஒண்ணு சண்ட போட்டுக்கும். பெராக்சைடும் அப்டித்தான். உள்ளயே தங்கிச்சின்னா ஒடஞ்சி தண்ணியாப் பூடும். சின்ன ஓட்டையும் வோணும், பெரிய ஓட்டையும் வோணும்." இதை நான் நகல் எழுதினேன். எழுதும்போது கை நின்றுவிட்டது. முப்பது வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து கிராமையும் டிகிரியையும் மட்டும் சொன்னவர், இப்படி ஒரு வாக்கியத்தை ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்று வீட்டில் இருபது வருடம் தயிரைத் தொடாதவர், ஆய்வுக்கூடத்தில் நந்தினி கொண்டுவரும் தயிர்சாதத்தைச் சாப்பிட்டார் என்று ஆதிகேசவன் வாய்தவறிச் சொன்னார். கணவரிடம் கேட்டேன். "அது புளிக்காத தயிரு, ஒண்ணும் பண்ணாது" என்றார். என் வீட்டுத் தயிர் ஒரு நாளும் புளித்ததில்லை.

2023 டிசம்பரில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. வெளியே எங்கும் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சர்ச்சுக்கு மட்டும் அனுப்புவேன் என்று நானும் சொன்னேன். 19.01.2024, வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபக் கூட்டத்துக்குப் போகிறேன் என்றார். சால்வையைப் போர்த்தி அனுப்பினேன். மாலை நாலரை மணிக்குத் திரும்பி வந்து, ஜெபம் நன்றாக இருந்தது என்றார். 06.02.2024 அன்று இறந்தார்.

அதன் பிறகு ஒன்றரை ஆண்டு கழித்து, 12.08.2025, செவ்வாய்க்கிழமை காலை, பொன்னேரியில் மின்சார ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, தொழிற்பேட்டைக்குப் போனேன். மறுநாள் துணி ஆலை ஒன்றிலிருந்து நான்கு பேர் சோதனை ஓட்டம் பார்க்க வருவதாகவும், அவர்களுக்குப் பிடித்தால் ஆலையிலேயே ஒரு பெரிய இயந்திரம் அமைக்க ஒப்பந்தம் போடுவார்கள் என்றும், அன்று என் கணவர் படத்துக்கு நான்தான் மாலை போட வேண்டும் என்றும் நந்தினி சொல்லியிருந்தார். முதல் நாளே வந்து இடத்தைப் பார்க்கச் சொன்னார். நான் அந்த ஐந்து நோட்டுகளையும் பழுப்புக் காகித உறை போட்டு எடுத்துப் போனேன்.

ஆதிகேசவன் வாசலில் நின்று, "இன்னாம்மா இது, வெயில்ல நடந்துக்கினு வரீங்க? ஒரு போன் போட்டா வண்டி எடுத்துக்கினு வந்திருப்பேன் இல்ல? நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டார். அவர் பொதட்டூர்பேட்டைக்காரர். என் கணவரிடம் ஆலையிலும் பிறகு இங்குமாக இருபது வருடம் வேலை பார்த்தவர்.

உள்ளே மேஜைக்கு மேலே படம் மாட்டியிருந்தது. என் கணவர் வாய்விட்டுச் சிரிக்கும் படம். அவருக்கு மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்துவிட்டது. அதன் பிறகு யார் படம் எடுத்தாலும் உதட்டைத் திறக்கமாட்டார். சாம்சனின் கல்யாணப் படத்தில்கூடக் கோபமாக இருப்பவர்போல நிற்பார். இது எப்போது எடுத்த படம் என்று கேட்டேன். "இங்கதான் ஆன்ட்டி. ஒரு நாள் ரொம்ப ஜாலியா இருந்தாரு, டக்குனு எடுத்துட்டேன்" என்றார் நந்தினி. ஆன்ட்டி என்று கூப்பிட வேண்டாம், மிஸஸ் மோசஸ் என்றால் போதும் என்று ஏழு வருடமாகச் சொல்லி வருகிறேன்.

அதன் பிறகு நோட்டுகளைக் கொடுத்தேன். நந்தினி உறையைப் பிரிக்கவில்லை. "அய்யோ ஆன்ட்டி, இந்த வயசுல எதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டீங்க? எல்லாமே லேப்டாப்ல இருக்குதே. அந்த ஷெல்ஃப்ல வெச்சிடுங்க, பாக்க அழகா இருக்கும்" என்றார். நானே கொண்டுபோய் வைத்தேன். பக்கத்தில் பிளாஸ்டிக் பூச்சாடி இருந்தது.

பத்தே முக்கால் மணிக்கு நந்தினியும் நிர்வாகி வசந்தகுமாரும் மறுநாள் விருந்தாளிகளுக்குச் சாப்பாடு சொல்லிவைக்கக் காரில் போனார்கள். ஐந்து நிமிடம் கழித்து ஆதிகேசவன், "அம்மா, கொஞ்சம் பாத்துக்கினு இருங்க, வடிச்ச தண்ணி கேன் எடுத்துக்கினு தோ வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி வந்தபோது பதினொன்று இருபது. அந்த முப்பது நிமிடம் அங்கே நான் மட்டுமே இருந்தேன்.

அலமாரிக்குப் பூட்டு கிடையாது. மறுநாள் ஓட்டத்துக்கான புட்டி நாற்பத்தேழு என்று காலையிலேயே பேசிக்கொண்டார்கள். மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கை வீணாக்காமல் பெராக்சைடாக மாற்றிய கரி அது ஒன்றுதான் என்றும் பேசிக்கொண்டார்கள். புட்டியை எடுத்துப் பார்த்தேன். ஒட்டியிருந்த சீட்டில் '47, 19.01.2024, சோதனை போக 34 கிராம்' என்று நந்தினியின் உருண்டைக் கையெழுத்தில் இருந்தது. ஒரு பொருள் யாருடையது என்பதை அதன்மேல் உள்ள கையெழுத்தை வைத்து அறிவது என் பழக்கம். என் வீட்டில் கையெழுத்து இல்லாத டப்பா கிடையாது. மேலும் 19.01.2024 அன்று என் கணவர் ஜெபக் கூட்டத்தில் இருந்தார். ஆகவே இது நந்தினி தனியாகச் செய்தது, அவர் இல்லாமலேயே அவரைவிட நன்றாகச் செய்தது என்று முடிவுக்கு வந்தேன். நாளை அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து, இந்தப் பெண்ணுக்கு நான் கை தட்ட வேண்டும்.

நான் செய்தது பின்வருமாறு. சாயக் கழிவுநீர்ச் சோதனைக்காக மூன்றாம் தட்டில் அன்னபேதி வைத்திருந்தார்கள். பயிருக்கும் போடும் பச்சை நிற இரும்பு உப்பு அது. அதில் கால் கிராம் நிறுத்து எடுத்து, எட்டு மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்தேன். கரித்தூள் முழுவதையும் பீங்கான் கிண்ணத்தில் கொட்டி, அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடிக் குச்சியால் பத்து நிமிடம் கிளறினேன். துளை நிறைந்த கரி தன் எடையில் கால் பங்கு தண்ணீரைக் குடித்தாலும் பார்வைக்கு உலர்ந்த தூளாகவே இருக்கும். இது ஒன்பதாம் நோட்டில் இருக்கிறது. பிறகு தூளைப் புட்டியில் கொட்டி, மூடியை முன்பு இருந்த அளவுக்கே திருகி, சீட்டு வெளியே தெரியும்படி வைத்தேன். கிண்ணத்தையும் குச்சியையும் கழுவித் துடைத்து அதனதன் இடத்தில் வைத்தேன்.

இந்த இடத்தில் தலைமைக் காவலர் செண்பகம், "இன்னா பாட்டிமா, கால் கிராமு அரை கிராமுன்னு இவ்ளோ வெவரமா எய்தினா கேஸு உங்க மேலதான் நிக்கும். மறந்துட்டேன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சிபோச்சு, உங்க புள்ளைக்கும் பேஜாரு இல்ல" என்றார். நான் அவருக்குப் பாட்டி இல்லை என்று சொன்னேன். "செரி மேடம், எய்துங்க" என்றார்.

13.08.2025 அன்று காலை பதினொரு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். மாலை போட்டேன். ஆதிகேசவன் புட்டியிலிருந்து இரண்டு கிராம் தூளை பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்துப் பசையாக்கித் தகட்டில் பூசினார். கரண்டி பிளாஸ்டிக் என்பதை நான் பார்த்தேன். புட்டியை யாரும் எடை போடவில்லை. என் கணவர் இருந்திருந்தால் திறக்கும் முன் எடை போட்டிருப்பார். காற்றையும் மின்சாரத்தையும் விட்டு, அரை மணி நேரம் கழித்துத் தண்ணீரை எடுத்து, அதில் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். பெராக்சைடு இருந்தால் ஒவ்வொரு சொட்டின் நிறமும் விழுந்தவுடன் மறையும். நல்ல கரிக்குப் பதினெட்டு மில்லி வரை மறைந்துகொண்டே போகும். அன்று இரண்டாம் சொட்டிலேயே ரோஜா நிறம் மறையாமல் நின்றுவிட்டது.

"மேடம், இன்னொரு தபா வுட்டுப் பாக்கறேன்" என்றார் ஆதிகேசவன். மறுபடியும் இரண்டாம் சொட்டில் நின்றது. விருந்தாளிகளில் ஒருவர், "கரண்ட் வருதா பாருங்க சார்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நந்தினி விளக்கிக்கொண்டிருந்ததை நடுவில் நிறுத்திவிட்டார். அவர் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து எழுத முடியாது. வந்தவர்கள் சாப்பிடாமல் போனார்கள். எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். ரயிலில் வரும்போது சாப்பிட்டேன்.

மறுநாள் நந்தினி அந்தத் தூளைச் சோதித்து, அதில் இரும்பு இருப்பதைக் கண்டுபிடித்தார். 16.08.2025 அன்று வசந்தகுமார், வேறொரு கரிக் கம்பெனிக்காக ஆதிகேசவன் வேண்டுமென்றே கலந்திருக்க வேண்டும் என்று புகார் கொடுத்தார். புட்டி கைப்பற்றப்பட்டது. அன்றே ஆதிகேசவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இது எதுவும் அன்று எனக்குத் தெரியாது.

17.08.2025, ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச்சிலிருந்து வந்தபோது நந்தினி என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னேன். காபி கொடுத்தேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஆன்ட்டி, நாப்பத்தேழு அய்யா செஞ்சது. கடைசியா அவரே வந்து செஞ்சது. நான் உலைக் கதவத் தொறந்து வுட்டதோட சரி. கை நடுங்குதும்மா, நீயே எய்திடுன்னு சீட்ட என்கிட்ட குடுத்தாரு. அன்னிக்கி எந்த சூட்டுல எவ்ளோ நேரம் வெச்சாருன்னு முழுசா எய்தி வெக்கல ஆன்ட்டி, அடுத்த வாரம் சொல்றேன்னாரு. அதுக்கப்பறம் நான் இருவது தபா செஞ்சி பாத்துட்டேன், எனக்கு வரல."

அன்று என் கணவர் ஜெபக் கூட்டத்தில் அல்லவா இருந்தார் என்று கேட்டேன். நந்தினி காபியைக் கீழே வைத்தார். மறுபடி கேட்டேன்.

"உங்ககிட்ட அப்டி சொல்லிட்டு வந்தாரு ஆன்ட்டி. 'சால்வையெல்லாம் போத்தி அனுப்பிக்கிறா பாரு, பொய் சொல்லிட்டு வந்துக்கிறேன், கண்டுபுடிச்சா இன்னிக்கி எனக்கு சோறு கெடையாது'ன்னு சொல்லி சிரிச்சாரு. அப்போ எடுத்ததுதான் அந்த போட்டோ."

நந்தினி போன பிறகு அவர் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காபியைக் கொட்டி டம்ளரைக் கழுவினேன். ஐம்பது வருடம் குடும்பம் நடத்தியவர் என்னிடம் பொய் சொல்லிவிட்டு அங்கே போய், என்னைச் சொல்லியே அவ்வளவு சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவர் முன்னால் இருந்தவர் நந்தினி. என் கணவர் தன் கையால் கடைசியாகச் செய்த கரி முப்பத்துநான்கு கிராம். அதில்தான் நான் கிளறினேன்.

18.08.2025 காலை ஆதிகேசவனின் மனைவி கங்கம்மா வந்தார். வாசலுக்கு உள்ளே வராமல், "அம்மா, நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லணும். இருவது வருசமா அய்யா கூட இருந்த ஆளு. கரியில இரும்புக் கரண்டி போடுற ஆளா அது? ஊட்ல மீன் கொயம்பக்கூட மரக்கரண்டியில கிண்டுன்னு உயிர எடுக்கும். ஸ்டேசன்ல குந்த வெச்சிக்கினு, எவன்டா டப்பு குடுத்தான், எவன்டா டப்பு குடுத்தான்னு கேக்கறாங்களாம்" என்றார். எனக்கு ஆதிகேசவன் விஷயம் அப்போதுதான் தெரிந்தது. நான் கங்கம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் போனவுடன் மணவாள நகரில் இருக்கும் என் மகன் சாம்சனுக்குப் போன் செய்து, நான்தான் செய்தேன் என்று சொன்னேன். மதியத்துக்குள் வந்துவிட்டான். "உனுக்கு இன்னா வயசாவுது, இன்னா வேல செஞ்சி வெச்சிக்கிற? அம்மா, யாராண்டயும் எதுவும் சொல்லாத. நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் பார்த்துக்கொண்டது இந்தப் பல்பொடிக் கதையும் சான்றிதழும். நந்தினி அதை உடனே நம்பியிருக்கிறார். "பாவம் ஆன்ட்டி, வயசாயிடுச்சி, அவங்கள ஒண்ணும் கேக்காதீங்க" என்று சொன்னாராம். அவருடைய இந்த இரக்கத்தை நான் ஏற்கவில்லை.

வசந்தகுமார் நம்பவில்லை. "கெயவி கை தவறி ஊத்தியிருந்தா புட்டி ஈரமா இருக்கணும், தூளு கட்டி கட்டிக்கிணும். ஒண்ணுமே இல்ல. இது வேல தெரிஞ்சவன் கை. அந்தாளக் காப்பாத்த அம்மாவ இஸ்க்கறீங்க" என்று சாம்சனிடம் சொல்லியிருக்கிறார். வசந்தகுமார் சொன்னதில் முதல் பகுதி சரி. அது வேலை தெரிந்த கைதான். எனக்கு மறதி என்று எழுதினால் ஆதிகேசவனை விடமாட்டார்கள். நான் தெரிந்து செய்தேன் என்று எழுதினால்தான் விடுவார்கள். ஆகவே என் மகன் கொடுத்த சான்றிதழைக் கிழித்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இதற்கு அத்தாட்சி வேண்டுமானால், கைப்பற்றிய புட்டியில் உள்ள தூளை எடை போட்டுப் பார்க்கவும். சீட்டில் முப்பத்துநான்கு கிராம் என்று இருக்கிறது. ஓட்டத்துக்கு இரண்டு கிராம், நந்தினியின் சோதனைக்கு ஒரு கிராம் எடுத்திருக்கிறார்கள். மிச்சம் முப்பத்தொன்று இருக்க வேண்டும். ஆனால் ஏறக்குறைய முப்பத்தொன்பது இருக்கும். அந்த எட்டு நான் ஊற்றிய தண்ணீர். இன்றுவரை யாரும் எடை போடவில்லை. ஆகவே கலந்தவரைத் தவிர வேறு யாருக்கும் இது தெரிய வழியில்லை.

நந்தினியிடம் மன்னிப்பு கேட்பதாக ஒரு வரி சேர்க்கலாமா என்று தலைமைக் காவலர் கேட்டார். சேர்க்க வேண்டாம். நந்தினிக்கு நான் செய்யக்கூடியது வேறு. ஒட்டிய இரும்பைக் கரியிலிருந்து எடுக்க முடியும். துளை கெடாமல் எடுக்க எந்த அமிலம், எவ்வளவு நீர்த்தது, எத்தனை மணி நேரம், எத்தனை முறை கழுவ வேண்டும் என்பதை என் கணவர் 1996ஆம் ஆண்டில் ஏழு மாதம் சோதித்துப் பார்த்தார். அது பன்னிரண்டாம் நோட்டில் எண்பத்தெட்டாம் பக்கத்திலிருந்து இருக்கிறது. நந்தினி வருவதற்கு முந்தைய நோட்டு அது. எந்தக் கணினியிலும் இல்லை. என் அலமாரியில் இருக்கிறது. முழுவதும் திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது. புட்டியை நந்தினியிடம் ஒப்படைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நோட்டையும் தருவேன். ஆனால் நோட்டை வாங்கிப் போக நந்தினி வரக் கூடாது, வசந்தகுமாரும் வரக் கூடாது. ஆய்வுக்கூடத்து வேலையாளாக ஆதிகேசவன் வர வேண்டும். வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டேன்.

மேலே கண்டவை ஒன்பது பக்கங்கள். எல்லாம் என் கையெழுத்து. யாரும் சொல்லிக்கொடுத்தோ பயமுறுத்தியோ எழுதவில்லை. எழுதிய பிறகு ஒரு முறை முழுவதும் படித்துப் பார்த்தேன், உண்மை. ஆறாம் பக்கத்தில் ஒரு சொல்லை அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையொப்பம் வைத்திருக்கிறேன்.

ஆதிகேசவனின் பெயர் புகாரிலிருந்து நீக்கப்பட்டதா, அவரை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்களா என்பதை, என் மகன் மூலமாகவோ போனிலோ சொல்லாமல், என் பெயருக்கு மேற்கண்ட முகவரியில் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(கையொப்பம்)
ரோசலின் மோசஸ்
பொன்னேரி, 21.08.2025